கிளம்பும்போதே விழும் சின்ன விமானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், 1996-ல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டூப்ராஃப் இறந்துபோன விமான விபத்தைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் மெயில்களும் இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: ஏழு வயசுப் பிள்ளை கையில் விமானத்தைக் கொடுத்தால் விழாமல் என்ன செய்யும்? இதில் காரணம் தேட என்ன இருக்கிறது சார்? (மதுரை வாசகர்)

உங்களைப் போலவே பாதிப் பேர் கேட்டிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானம் விழுந்தபோது அதை ஓட்டிக்கொண்டிருந்தது ஜெசிகா இல்லை. பக்கத்தில் வலது சீட்டில் இருந்த 52 வயதுப் பயிற்சியாளர்தான் ஓட்டினார் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து முடிவு சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தை மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்தால், அன்று காலையில் என்ன நடந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

நடந்தது இதுதான். ஜெசிகா, அவளுடைய அப்பா, பயிற்சியாளர் என மூன்று பேர், பயிற்சியாளருக்குச் சொந்தமான செஸ்னா 177பி என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் 1996 ஏப்ரல் 10 காலை கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே என்ற கடலோர ஊரிலிருந்து கிளம்பினார்கள். நாட்டின் மறுகரையில் மாசசூசெட்ஸ் வரை போய்த் திரும்ப எட்டு நாள், ஆறாயிரத்து அறுநூறு மைலுக்கு மேல். சீட்டில் உயரம் பத்தாததால் குழந்தைக்குக் குஷன் வைத்திருந்தார்கள், கால் எட்டாததால் பெடலுக்கு நீட்டிப்பு மாட்டியிருந்தார்கள். டிவிக்காரர்கள் உள்ளே படம் எடுக்க ஒரு வீடியோ கேமராவே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். போகிற ஊரிலெல்லாம் பேட்டி. இத்தனைக்கும் இதைச் சாதனை என்று பதிவு செய்ய அங்கீகாரம் பெற்ற அமைப்பு எதுவும் அப்போது கிடையாது. சின்னப் பிள்ளைகளை வைத்து ஆபத்தான பயணங்கள் நடக்கும் என்று பயந்து, கின்னஸ்காரர்கள் ‘மிக இளைய பைலட்’ என்ற பிரிவையே அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள்.

முதல் நாள் முழுக்கப் பறந்து, நெவாடாவிலும் வயோமிங்கிலும் இறங்கி ஏறி, சாயங்காலம் வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நீண்ட நாள், வழியில் ஒரு கட்டத்தில் குழந்தை தூங்கியே போய்விட்டாள். மறுநாள் காலை எழுந்தால் வானிலை மோசம். மழையும் காற்றும் சேர்ந்த ஒரு புயல் மேகக் கூட்டம் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. வானிலைத் தகவல் நிலையத்துக்குப் போன் போட்டால், மேகத்துக்குள் பனி உறையலாம், காற்று உலுக்கும் என்று எச்சரிக்கைகளை வரிசையாகச் சொன்னார்கள். பயிற்சியாளரோ கிழக்குப் பக்கம் வானம் நன்றாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பில் இருந்தார். அவர்கள் போக வேண்டியது கிழக்கே, நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துக்கு. உள்ளூர் ரேடியோ பேட்டியில், வானம் தெளியும் வரை எங்கள் ஊரில் இருந்துவிட்டுப் போங்களேன் என்று கேட்டிருக்கிறார்கள். புயல் வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஓடுபாதைக்குப் போகும்போதே மழை ஆரம்பித்துவிட்டது. கண்ணால் பார்த்து ஓட்டுகிற விமானங்கள் சாதாரணமாகக் கிளம்பக் கூடாத அளவுக்குப் பார்வைத் தூரம் 3 மைலுக்கும் கீழே இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் தனி அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு போக விதியில் வழி உண்டு. பயிற்சியாளர் கேட்டார், விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரில் கொடுத்தார்கள். சற்று முன் கிளம்பிய ஓர் இரட்டை எஞ்சின் விமானத்தின் பைலட், தரைக்குப் பக்கத்திலேயே காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வரை ஏறி இறங்குகிறது என்று சொல்லியிருந்தார். அதையும் டவர் இவர்களுக்குச் சொன்னது. காலை 8.24 மணிக்கு விமானம் ஓடி எழுந்தது.

பார்த்தவர்கள் சொன்னதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது: மெதுவாக, தாழ்வாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறத் திணறியபடி, வலது பக்கம் திரும்பியது, அப்புறம் அப்படியே சாய்ந்து கீழே பாய்ந்துவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடுகள் இருக்கிற ஒரு தெருவில் விழுந்தது. மூன்று பேரும் இறந்துவிட்டார்கள்.

எஞ்சினில் பழுது இல்லை, இறக்கை உடையவில்லை. வேகம் ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால், எஞ்சின் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். ஸ்டால் என்று சொல்வது இதைத்தான். வாரியம் எழுதிய காரணம் இந்த ஸ்டாலில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிறது: வேகத்தைக் காப்பாற்றத் தவறியது, அதற்கு முன் இடிமழை நெருங்கும்போது கிளம்பலாம் என்று எடுத்த தவறான முடிவு, விமானத்தில் அனுமதித்ததைவிட 96 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 44 கிலோ, கூடுதல் எடை, உயரமான ஊரான ஷையெனில் பயிற்சியாளர் பழகாத மெல்லிய காற்று. கூடவே ஒரு துணைக் காரணத்தையும் எழுதிவைத்தார்கள். அளவுக்கு மீறிய பயணத் திட்டத்தை எப்படியாவது நிறைவேற்ற வேண்டும் என்ற துடிப்பும், அந்தத் துடிப்புக்குப் பின்னால் ஓரளவு ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தன என்று.

பத்திரிகையில் எழுதுகிறவனாக அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. கேமரா கொடுத்தவர்கள், பேட்டிக்கு நேரம் குறித்தவர்கள் யாரும் அந்தக் குழந்தைக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. ஆனால் ‘இன்று வேண்டாம், நாளைக்குப் போகலாம்’ என்று சொல்வதை அவர்கள் எல்லோரும் சேர்ந்து கஷ்டமாக்கிவிட்டார்கள்.

கேள்வி: டவரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மழை, காற்று எல்லாம் தெரியும்தானே? அவர்கள் ஏன் தடுக்கவில்லை? (திருநெல்வேலி வாசகி)

அவர்கள் வேலை, ஒரு விமானம் இன்னொன்றின் மேல் மோதாமல் வழிவிடுவதும், தெரிந்த தகவலைப் பைலட்டுக்குச் சொல்வதும். பார்வைத் தூரம் எவ்வளவு, காற்று எப்படி என்று சொன்னார்கள், முன்னால் போனவர் சொன்னதையும் சொன்னார்கள். போவதா வேண்டாமா என்ற முடிவு விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டுடையது, அமெரிக்கச் சட்டம் அதை அவர் கையில்தான் கொடுத்திருக்கிறது. பெரிய விமான நிறுவனம் என்றால் பைலட்டுக்குப் பின்னால் தரையில் ஓர் அலுவலகமே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு பைலட்டும் இருப்பார். நாலு சீட் விமானத்தில் அந்த ஒருவர்தான் எல்லாம்.

கேள்வி: நாலு பேர் உட்காரும் விமானத்தில் மூன்று பேர்தான் போயிருக்கிறார்கள், அதில் ஒன்று குழந்தை. எடை எப்படி அதிகமாகும்? 44 கிலோ அவ்வளவு பெரிய விஷயமா? (ஈரோடு வாசகர்)

நல்ல கேள்வி. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. நாலு சீட் இருந்தால் நாலு ஆள், சாமான், டேங்க் நிறையப் பெட்ரோல் எல்லாம் ஒரே நேரத்தில் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. உலகத்தில் அதிகம் பேர் பறக்கப் பழகுகிற செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புது ரகம் ஒன்றில் கிளம்பும்போது இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை 2,550 பவுண்டு, அதாவது 1,157 கிலோ. காலி விமானமே 750 கிலோவை ஒட்டி வரும். மிச்சம் சுமார் 400. டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினால் அதில் 150 போய்விடும். ஆக ஆளுக்கும் பெட்டிக்கும் சேர்த்து 250 கிலோ சொச்சம். 75 கிலோ ஆள் நாலு பேர் என்றால் அதிலேயே 300 ஆகிவிட்டது! ஒன்று ஆளைக் குறைக்க வேண்டும், இல்லை பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு வழியில் எங்காவது இறங்கி ஊற்றிக்கொள்ள வேண்டும். எட்டு நாள் பயணத்துக்கு மூட்டை கட்டி, எரிபொருளும் ஊற்றிக்கொண்டால் மூன்று பேரோடும் எல்லை தாண்டும்.

44 கிலோ மட்டுமே விமானத்தை விழவைத்துவிடாது, அது உண்மை. கடலோர ஊரில், நல்ல வெயிலில், நீளமான ஓடுபாதையில் அதே எடையோடு எழுந்து போயிருக்கலாம். ஒருமுறை அப்படிப் போய்விட்டால் அதுவே பழக்கமாகிவிடும் என்பதுதான் எனக்குக் கவலை.

எடைதான் முக்கியமாகக் கொன்ற கதை வேண்டுமென்றால் ஆலியாவின் விபத்தைப் பாருங்கள். 22 வயதுக்குள் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்ற பாடகி. 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸின் அபாகோ தீவில் வீடியோ படப்பிடிப்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. மறுநாள் போக வேண்டியவர்கள், இன்றைக்கே போய்விடலாம் என்று மார்ஷ் ஹார்பர் விமான நிலையத்துக்கு வந்தார்கள். கிடைத்தது செஸ்னா 402பி என்ற இரட்டை எஞ்சின் விமானம். வரும்போது வந்ததைவிடச் சிறியது. ஆனால் ஆட்கள், படப்பிடிப்புச் சாமான்கள் எல்லாம் அதிலேயே ஏற்றப்பட்டன. அனுமதித்த எடையைவிட சுமார் 700 பவுண்டு, 300 கிலோவுக்கும் மேல் அதிகம். ஆள் கணக்கிலும் ஒருவர் கூடுதல். எழுந்த சில நொடியில், ஓடுபாதை முனைக்குப் பக்கத்திலேயே விழுந்து தீப்பிடித்தது. ஒன்பது பேரும் போய்விட்டார்கள். அந்த பைலட்டுக்கு அந்த நிறுவனத்தின் சார்பில் அந்த விமானத்தை ஓட்ட அனுமதியே கிடையாது என்பதும், அவர் உடலில் மதுவும் கோக்கெயினும் இருந்தன என்பதும் பின்னால் தெரியவந்தது.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகித் தூக்கப் பார்க்கும் இல்லையா, அதே மாதிரி விமானத்தில் சாமானைப் பின்னால் அடைத்தால் மூக்கு தானாக மேலே போகும். பைலட் முன்னால் தள்ளுவார், ஓர் அளவுக்கு மேல் தள்ள இடம் இருக்காது, மூக்கு ஏற ஏற வேகம் குறையும், அப்புறம் மேலே சொன்ன ஸ்டால். ஆலியாவின் விமானத்தில் பாரத்தின் மையம் பின்பக்க எல்லையையும் தாண்டியிருந்தது.

கேள்வி: ஷையென் உயரமான ஊர் என்றீர்கள். உயரத்திலிருந்து கிளம்பினால் சுலபம்தானே, ஏற்கெனவே பாதி தூரம் மேலே இருக்கிறோமே? (சேலம் வாசகர், கல்லூரி மாணவர்)

தம்பி, கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானம் நம்பியிருப்பது காற்றின் அடர்த்தியை. ஷையென் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,156 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்குத் தூக்கக் கிடைப்பது குறைவு, புரொப்பெல்லருக்கு இழுக்கக் கிடைப்பது குறைவு, எஞ்சினுக்கு எரிக்கக் கிடைப்பதும் குறைவு. மூன்று பக்கமும் அடி. அந்த விமானத்தின் எஞ்சின் 180 குதிரைத்திறன். ஷையெனில் அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

இதில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். சூடான காற்று இன்னும் மெலிசு. அதனால்தான் பைலட்டுகள் ஊரின் உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்து, இன்றைக்கு இந்த ஓடுபாதை எவ்வளவு உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுகிறார்கள். அன்று காலை ஷையெனில் குளிர், நாலைந்து டிகிரிதான். அப்படியும் கணக்கு 6,670 அடி என்று வந்தது. அதே ஊரில் 30 டிகிரி வெயில் அடித்தால் ஒன்பதாயிரம் அடியைத் தாண்டிவிடும்.

ஹாஃப் மூன் பேயிலிருந்து வந்தவருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடலோரத்தில் ஓட்டிப் பழகியவருக்கு எவ்வளவு தூரத்தில் எழும், எந்தக் கோணத்தில் ஏறும் என்பது உடம்பில் ஊறியிருக்கும். உயரமான ஊரில் விமானம் அந்த மாதிரி ஏறாதபோது கை தானாக மூக்கைத் தூக்கப் போகும். தூக்கினால் ஏறும் என்று மனசு சொல்லும், ஆனால் வேகம்தான் குறையும்.

இன்னொன்றையும் விசாரணையில் பேசினார்கள். எதிர்க்காற்றில் எழுந்த விமானம் வலது பக்கம் திரும்பியதும் காற்று பின்னாலிருந்து தள்ள ஆரம்பிக்கும். மழையில் முன் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாமல், பக்கத்து ஜன்னலில் தரையைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு, கீழே வீடுகள் வேகமாக ஓடுவதைப் பார்த்தால் நல்ல வேகத்தில் போகிறோம் என்றுதான் தோன்றும். இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் அதே நேரத்தில் குறைந்துகொண்டிருக்கும். அதைக் காட்டுவது வேகமானி முள் ஒன்றுதான்.

கேள்வி: கிளம்பின உடனே எஞ்சின் நின்றால் திரும்பி அதே ஓடுபாதையில் இறங்கிவிட வேண்டியதுதானே? பின்னாலேயே இருக்கிறதே! (கோவை வாசகி)

அம்மா, அப்படி நினைத்துத் திரும்பி உயிரை விட்டவர்கள் நிறைய. சின்ன விமானம் எஞ்சின் இல்லாமலும் மிதக்கும், செஸ்னா 172 ஒவ்வோர் அடி இறங்கும்போதும் சுமார் ஒன்பது அடி முன்னே போகும். 500 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் கையில் இருப்பது ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை, அதுவும் நேராகப் போனால். பாதி வட்டம் அடித்துத் திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இணையாகத்தான் வந்து நிற்போம், அதன் மேல் வர இன்னும் திரும்ப வேண்டும். திரும்பும்போது உயரம் வேகமாகக் கரையும். விமானத்தைச் சாய்க்கச் சாய்க்க, ஸ்டால் ஆகிற வேகமும் மேலே ஏறும். 45 டிகிரி சாய்த்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம் வேண்டும், 60 டிகிரி என்றால் 40 சதவீதத்துக்கும் மேல். எஞ்சின் இல்லாமல் அந்த வேகத்துக்கு எங்கே போவது?

அதனால் மூக்கை உடனே கீழே இறக்கி, வேகத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், வயலோ மைதானமோ ரோடோ, கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதுங்கி இறங்கப் பழக்குகிறார்கள். விமானம் நொறுங்கினால் நொறுங்கட்டும். கட்டுப்பாட்டோடு தரையைத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று பிழைத்தது இப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான்டா மோனிகாவில், 1940-களின் பழைய ராணுவப் பயிற்சி விமானமான ரையன் ஒன்றில் கிளம்பினார். சற்று நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பி வருகிறேன் என்று டவருக்குச் சொல்லியும் விட்டார். ஆனால் உயரம் பத்தாது என்று தெரிந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கோல்ஃப் மைதானத்தில், மரத்தின் உச்சியை உரசிக்கொண்டு இறக்கினார். பலத்த காயம், ஆனால் உயிர் இருந்தது. விசாரணையில் கிடைத்த காரணம் என்ன தெரியுமா? கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்ன பாகம், திருகு கழன்று தன் இடத்தை விட்டு வெளியே வந்திருந்தது. எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் பாய்ந்து மூச்சுத் திணறி நின்றிருக்கிறது. அவருடைய தோள் பெல்ட்டும் சரியாகப் பொருத்தப்படவில்லை, காயம் பலமானதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி: கிளம்பும் முன் பைலட் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை வீடியோக்களில் பார்க்கிறேன். சம்பிரதாயமா, உண்மையிலேயே எதையாவது கண்டுபிடிக்கிறார்களா? (விழுப்புரம் வாசகர்)

உண்மையிலேயே கண்டுபிடிக்கிறார்கள். அந்த வீடியோவில் இறக்கைக்குக் கீழே குனிந்து ஒரு சின்ன கண்ணாடிக் குப்பி மாதிரி இருப்பதை மேலே அழுத்திப் பிடிப்பார் பாருங்கள், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் அதில் இறங்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தனிக் குமிழாக உருண்டு நிற்கும். சிறு விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலில் நீலச் சாயம் போட்டிருப்பார்கள், ஜெட் எரிபொருளுக்கு அந்த நீலம் கிடையாது. நிறம் வெளிறியிருந்தால், யாரோ வண்டி மாறி வந்து ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டார்களோ என்று அங்கேயே நிறுத்த வேண்டும். பைப்பில் மிச்சமிருக்கிற நல்ல பெட்ரோலை வைத்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓடுபாதை வரை கூடப் போகும், எழுந்த பிறகுதான் தப்பான எரிபொருள் வந்து சேரும். அதுதான் இதில் உள்ள கொடுமை.

அடுத்து, வால் பக்கத்திலும் இறக்கையிலும் அசைகிற பலகைகளைக் கையால் ஆட்டிப் பார்ப்பார், உள்ளே உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்கை எல்லாப் பக்கமும் முழுக்கத் திருப்பி, வெளியே பலகை சரியான திசையில் போகிறதா என்று பார்ப்பார். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் இவை அடித்துக்கொள்ளாமல் பூட்டிவைப்பது வழக்கம், அந்தப் பூட்டை எடுக்க மறந்தால் கதை முடிந்தது. இது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்கிற தப்பு இல்லை. 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் (இது சின்ன விமானம் இல்லை, இரண்டு தேர்ந்த பைலட்டுகள்) பூட்டோடு ஓடுபாதையில் ஓடி, எழ முடியாமல் எல்லை தாண்டிப் போய் எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 175 கிளம்புதல்களில் 98 சதவீதத்தில் அந்த முழுச் சோதனையை அவர்கள் செய்யவே இல்லை. ஸ்டியரிங்கை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்க்கச் சில நொடிகள் போதும், அவ்வளவுதான்.

கேள்வி: ஜெசிகாவின் சாவுக்குப் பிறகு சட்டம் எதுவும் மாறியதா? (தஞ்சாவூர் வாசகி)

மாறியது, சீக்கிரமாகவே. அதே 1996-ம் வருடம் அக்டோபரில் சிறார் விமானி பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் தனியார் பைலட் உரிமமும் மருத்துவச் சான்றும் இல்லாதவர்களை, சாதனை முயற்சி, போட்டி, வானில் வித்தை என்ற பெயரில் விமானத்தின் கட்டுப்பாட்டைத் தொடவிடக் கூடாது என்கிறது அது. சும்மா பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் பிடித்துப் பார்ப்பதை அது தடுக்கவில்லை, அதைத் தடுத்திருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. அப்படி ஆரம்பித்து நல்ல பைலட் ஆனவர்கள் உண்டு. அங்கே தனியாகப் பறக்க 16 வயது ஆக வேண்டும், தனியார் உரிமத்துக்கு 17. நம் நாட்டிலும் பயிற்சி உரிமத்துக்கு 16, தனியார் உரிமத்துக்கு 17.

கேள்வி: அடுத்த மாதம் வெளிநாட்டுச் சுற்றுலாவில் எட்டுப் பேர் போகும் சின்ன விமானத்தில் மலைகளைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். முன்பதிவிலேயே எடை கேட்கிறார்கள். எனக்கும் என் மனைவிக்கும் கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன? (திருச்சி வாசகர்)

தயவுசெய்து குறைக்காதீர்கள். 2003 ஜனவரி 8 அன்று வட கரோலினாவின் ஷார்லட்டில் பீச் 1900டி என்ற 19 சீட் விமானம் கிளம்பும்போதே மூக்கு மேலே ஏறி விழுந்து 21 பேரும் இறந்தார்கள். வால் பக்கக் கேபிளைப் பராமரிப்பில் தப்பாக அட்ஜஸ்ட் செய்திருந்ததால் மூக்கை இறக்குவதற்குப் போதுமான அசைவு இல்லை, அது ஒரு காரணம். பாரத்தின் மையம் பின்பக்க எல்லையை நன்றாகத் தாண்டிப் போயிருந்தது இன்னொரு காரணம். பேப்பரில் கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு பயணிக்கும் அவர்கள் போட்ட சராசரி எடை நிஜ மனிதர்களின் எடையைவிடக் குறைவு. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் அந்தச் சராசரியையே உயர்த்தினார்கள்.

எட்டுப் பேர் விமானத்தில் ஒவ்வொருவரும் ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் 40 கிலோ, கிட்டத்தட்ட ஜெசிகாவின் விமானத்தில் இருந்த கூடுதல் எடை அது. போடப்போகிற துணி, ஷூ, கையில் கேமரா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் எடை பார்த்து அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஏறும்போது உங்களையும் மனைவியையும் தனித்தனி வரிசையில் உட்காரச் சொன்னால் சண்டை போடாமல் உட்காருங்கள், பாரம் சமமாக இருக்கத்தான் சொல்கிறார்கள். காலையில் போய் நிற்கும்போது பைலட் வானத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு முடியாது என்றால், கவுன்டரில் போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், இல்லையென்றால் மறுநாளுக்கு மாற்றிக் கேளுங்கள். அவரிடம் போய் ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருக்கிறது, எப்படியாவது கூட்டிப்போங்கள் என்று மட்டும் கெஞ்ச வேண்டாம். போய்வந்து எழுதுங்கள்.